மூக்கு நுனி மஞ்சள்

பேரை வாவியில் ஆகச் சுலபமாய் இனங்காணக்கூடியவை
பிளாஸ்டிக் அன்னங்கள்.
வெள்ளை நிறம், மிதிகட்டை இரண்டு சோடி, விலாவில் இலக்கம்.
பதினொன்றுக்கு மட்டும் கழுத்து வெடித்து
சிமெந்து பூசியிருக்கிறது.

மற்றவற்றுக்குப் பொறுமை வேண்டும்.

காப்புறுதிக் கந்தோரில் எனக்கு இழப்பீட்டுப் பிரிவு.
இடித்த வாகனம் எந்தப் பக்கத்தால் வந்தது, என்ன நிறம்,
எத்தனை அடி தூரத்தில் நின்று பார்த்தீர்,
வேறு யார் சாட்சி?
இருபத்தொரு வருடமாய் இதைத்தான் கேட்கிறேன்.
பகலில் சோற்றுப் பொதியோடு கரைக்கு வந்தால்
விளக்குக் கம்பத்துக்கொன்றாய்க் கூழைக்கடாக்கள்
மேலதிகாரிகள் போலக் கீழே பார்க்கும்.

தை பிறந்து மூன்றாம் நாள், ஒரு மணி பத்து.
பாசி பிடித்த தண்ணீரில்
குடித்தெறிந்த இளநீர்க் கோம்பைக்குப் பக்கத்தில்
அது.

வளர்ப்புத் தாராவை விடக் கழுத்து மெலிவு.
மார்பெல்லாம் செதில் செதிலாய்க் கபிலம்.
கறுத்த மூக்கு; நுனி மட்டும்
அரைத்த மஞ்சளில் தொட்டெடுத்தது மாதிரி.
மூக்கு நெற்றியில் சேரும் இடத்தில்
இரண்டு சிவப்புப் புள்ளி.

படகுக்காரர் கிச்சிலைக் கூப்பிட்டேன்.
"தாரா" என்றார்.
காவலாளி கருணாதிலக எட்டிப் பார்த்து
"தாராவா" என்றார்.
இரண்டு மொழியும் இவ்வளவு கிட்ட வந்து
நான் கண்டது குறைவு.
எந்தத் தாரா என்றுதான் பிரச்சினை.
பன்சலையிலிருந்து தப்பியிருக்கும் என்றார் ஒருவர்.
கறிக்கு வாங்கினவன் மனமிரங்கி விட்டிருப்பான்
என்றார் மற்றவர்.

சிவப்புப் புள்ளி ஆளைக் காட்டிக் கொடுக்கும்.
எனக்கு ஆறு வயது.
பொரளையில் பஸ் மெதுவாகையில்
கைக்குட்டை நுனியை எச்சிலில் நனைத்து
அம்மா என் நெற்றியைத் துடைத்தாள்,
பிறகு தன்னுடையதை.
இது புள்ளியோடேயே
நடுத் தண்ணீருக்குப் போனது.

தொலைபேசியை எடுத்துச் சரிபார்ப்பதற்குள்
குடைக்குள் ஒரு சோடியோடு
பதினொன்றாம் அன்னம் குறுக்கே வந்தது.
படத்தில் சிமெந்துக் கழுத்து, குடைக் கம்பி,
அதற்குப் பின்னால்
யாரும் எதுவும் சொல்லக்கூடிய கபிலக் கறை.
எழுந்து பறந்தபோது செட்டையில் பச்சை மின்னியது.
முதுகோரம் வெள்ளைக் கோடும் இருந்தது.
இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

சனிக்கிழமை பறவைச் சங்கக் கூட்டத்தில்
பதிவேட்டுக்குப் பொறுப்பான அன்ஸ்லம்
மூக்குக் கண்ணாடியை இறக்கி விட்டுக் கேட்டார்.
எத்தனை மீற்றர்?
வெயில் முன்னுக்கா, பின்னுக்கா?
கால் செம்மஞ்சளா?
"கால் தண்ணீருக்குள்" என்றேன்.
வேறு சாட்சி?
இரண்டு பேர்.
அவர்கள் என்னவென்று சொன்னார்கள்?
தாரா என்று.
மண்டபம் சிரித்தது. நானும்தான்.

"புள்ளிமூக்கன் என்றால்
வடக்கில், மன்னார்ப் பக்கம், எப்போதாவது தென்படும்.
கொழும்புக்கு ஏன் வந்தது?"
இந்தக் கேள்வியை
வீதித்தடையில், லொட்ஜ் வாசலில், பொலிஸ் பதிவுத் துண்டில்
எத்தனை தரம் கேட்டிருக்கிறேன்.
"வேலையாய் வந்தது, சேர்" என்று
வாய் வரை வந்து விட்டது.

உறுதிப்படுத்தப்படவில்லை என்று எழுதினார்.
என் மேசைக்கு வந்திருந்தால்
நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்,
அதே சொல்லை, அதே மையில்.

திங்கள் காலை ஒரு கோவை.
கிராண்ட்பாஸ் ஓட்டோக்காரர், பெயர் மரியதாஸ்.
இரவு, மழை, பின்னால் இடித்துப் போன வான்
பச்சையோ நீலமோ தெரியாது என்று எழுதியிருக்கிறார்.
இப்படியானவை ஒரு வரியில் திரும்பிப் போகும்.
முத்திரையைக் கையில் எடுத்தவள்
கீழே வைத்துவிட்டு இலக்கத்தை அழுத்தினேன்.

"அவசரமில்லை அண்ணை,
வடிவாய் யோசித்துச் சொல்லுங்கோ.
முதல் முதல் உங்கட கண்ணில் பட்டது
என்ன?"